பாக்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு

ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்திலும் ஜூனியர் யாராவது வந்து கேட்பாங்க. "அண்ணா, ரூமுக்கு ஒரு டிவி பாக்ஸ் வாங்கணும். எது வாங்கலாம்? எந்த ஆப்புக்குக் காசு கட்டலாம்?" நான் பெரிய எக்ஸ்பர்ட் எல்லாம் இல்லை. இந்த விஷயத்துல ரெண்டு தடவை நல்லா அடி வாங்கியவன், அவ்வளவுதான். ஒண்ணு, பீளமேட்டுல நாங்க அஞ்சு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டுல. இன்னொண்ணு, சோமனூர் பக்கம் எங்க அம்மிச்சி வீட்டுல. ரெண்டாவதுதான் இன்னும் உறுத்துது. ரெண்டையும் சொல்றேன். நடுவுல கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் கூட்டல் கழித்தல் வரும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பையன் தமிழ்ல எழுதுறேன், பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

முதல்ல ஊர்ப் பெருமை ஒரு பத்தி. படத்தை ஒரு பெட்டிக்குள்ள தூக்கிட்டு மக்கள் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோற யோசனை கோயமுத்தூருக்குப் புதுசு இல்லை. திருச்சியில் ரயில்வே க்ளார்க்காக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராக டெண்ட் அடித்துப் படம் காட்டினார். 1914ல் நம்ம ஊரில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். டவுன்ஹால் பக்கம் போனீங்கன்னா அந்த ரோட்டுக்கே அதுதான் பேர். அவர்கிட்ட மெஷினும் இருந்தது, படமும் இருந்தது. ரெண்டும் ஒரே ஆள் கையில். இன்னிக்கு நம்ம பிரச்சினையே மெஷின் ஒருத்தர்கிட்டயும், படம் பத்துப் பேர்கிட்டயும், ஒயர் மூணாவது ஆள்கிட்டயும் இருக்கிறதுதான்.

ஒயர்ல என்ன வருது?

கேபிள், டிஷ், ஸ்ட்ரீமிங் மூணும் ஒண்ணுதானேன்னு நினைப்போம். கிடையாது. கேபிளும் டிஷ்ஷும் பிராட்காஸ்ட். ஹெட்எண்ட்ல இருந்தோ சாட்டிலைட்ல இருந்தோ ஒரு சிக்னல் கிளம்பும், அதையே எல்லா வீடும் எடுத்துக்கும். பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் அனுப்புறவருக்கு வேலை ஒண்ணுதான். ஸ்ட்ரீமிங்ல உங்களுக்குன்னு தனியா ஒரு ஸ்ட்ரீம் வரணும். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை ஃபைனல் அன்னிக்கு ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தாங்க. அத்தனை பேருக்கும் தனித்தனியா அனுப்பணும்னா எவ்வளவு சர்வர், எவ்வளவு பேண்ட்வித், யோசிச்சுப் பாருங்க.

மேட்ச் பார்க்கும்போது பக்கத்து வீட்டுல கேபிள்ல பார்க்கிறவங்க கத்துறதை வெச்சே நமக்கு விக்கெட் தெரிஞ்சுடுதே, அதுக்கும் காரணம் இதுதான். லைவ் வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டித்தான் அனுப்புவாங்க. ஒரு துண்டு 6 வினாடின்னு வெச்சுக்கங்க. நெட் தடுமாறினாலும் படம் நிக்கக்கூடாதுன்னு பிளேயர் மூணு துண்டைச் சேர்த்து வெச்சுட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். அங்கேயே 18 வினாடி போச்சு. இது உங்க பாக்ஸ் மேல உள்ள குறை இல்லை. இருபதாயிரம் ரூபாய் பாக்ஸ் வாங்கினாலும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் முதல்ல கத்துவார்.

கேபிளோட கதை தமிழ்நாட்டுல கொஞ்சம் வித்தியாசமானது. வேற எந்த ஊர்லயும் கேபிள் டிவி இந்த அளவுக்கு அரசியலா இருந்திருக்குமான்னு சந்தேகம்தான். 2007ல் கலைஞர் ஆட்சியில் அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் ஆரம்பிச்சாங்க. நடுவுல படுத்துடுச்சு. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா மாசம் 70 ரூபாய்னு திரும்பக் கொண்டுவந்தாங்க. 2017ல் டிஜிட்டல் லைசென்ஸ் கிடைச்சப்புறம் வீட்டுக்கு வீடு இலவச செட் டாப் பாக்ஸ், மாசம் 125 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதுக்கும் முன்னாடி, 2006ல் ஆரம்பிச்ச இலவச 14 இன்ச் கலர் டிவி. நம்ம பக்கம் இன்னிக்கும் அதுக்குக் "கலைஞர் டிவி"ன்னுதான் பேர். டிவியும் கவர்மென்ட், பாக்ஸும் கவர்மென்ட், ஒயரும் கவர்மென்ட். ஆக, நம்ம தாத்தா பாட்டி பலருக்கு டிவிங்கிறது கரண்ட், தண்ணி மாதிரி. ஆன் பண்ணினா வரணும். அதில் "சப்ஸ்கிரிப்ஷன்"னு ஒண்ணு இருக்குன்னே அவங்க நினைச்சதில்லை.

2019ல் டிராய் புது விலைமுறை கொண்டுவந்தது. 100 எஸ்டி சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் உச்சமா 130, ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்குத் தனி விலை. தொகுப்புல சேர்க்கணும்னா ஒரு சேனல் விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது. சன் டிவி சரியா 19ன்னு விலை வெச்சாங்க. நம்ம ஊர்ல இதையெல்லாம் யாரும் டிக் அடிச்சுத் தேர்ந்தெடுத்த மாதிரி தெரியலை. கேபிள்கார அண்ணா ஒரு தொகை சொல்லுவார், நாம குடுப்போம்.

அம்மிச்சி வீட்டுல நான் பண்ணின வேலை

மூணாவது வருஷ லீவு. அப்பிச்சி இறந்தப்புறம் அம்மிச்சி தனியாத்தான் இருக்காங்க. பக்கத்துல எல்லாம் தறிக் குடோன். பகல் பூரா டக்கடக்குன்னு சத்தம், அதனால டிவி சத்தமா வெச்சாத்தான் கேட்கும். கேபிளுக்கு மாசம் 250 ரூபாய். என் மண்டைக்குள்ள அப்போ ஒரு எக்ஸெல் ஷீட் ஓடிச்சு. வருஷத்துக்கு 3000 ரூபாய், அதுவும் மூணே மூணு சேனல் பார்க்க! ஒரு ஸ்டிக் மாட்டி, சன் நெக்ஸ்ட் போட்டு விட்டா நேரத்துக்குக் காத்திருக்காம எப்போ வேணாலும் சீரியல் பார்க்கலாமே?

கேபிளைக் கட் பண்ணச் சொல்லிட்டேன். அண்ணா வந்து பாக்ஸைக் கழட்டிட்டுப் போனார். ஸ்டிக்கை மாட்டி, நெட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் வாங்கி, ரிமோட்டுல எதை அமுக்கணும்னு ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லிக் குடுத்தேன். அம்மிச்சி எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. அப்புறம் ஃபோன்ல கேட்கும்போதெல்லாம், "நல்லா ஓடுது சாமி, நீ படிப்பைப் பாரு"ன்னு ஒரே பதில்.

ரெண்டு வாரம் கழிச்சுப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா வாசல்லயே நிறுத்தி, "உங்க அம்மிச்சி பொழுதோட எங்கூட்டுக்குத்தான் சீரியல் பாக்க வர்றாங்க. டிவி ரிப்பேருங்களா தம்பி?"ன்னாங்க. உள்ள போய் டிவியைப் போட்டேன். யார் பார்க்கிறீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டுட்டு நாலு வட்டத்தோட ஒரு ப்ரொஃபைல் ஸ்க்ரீன் நின்னுட்டு இருந்துச்சு. அம்மிச்சி சிரிச்சுட்டே சொன்னாங்க: "யாரு பாக்கறதுன்னு கேக்குதாமா கண்ணு. பக்கத்தூட்டுப் புள்ளைதான் படிச்சுச் சொல்லுச்சு. நான்தான் பாக்கறேன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த ரெண்டு வாரமும் எனக்குச் சங்கடமா இருக்கும்னு என்கிட்ட சொல்லவே இல்லை. யூசர் இன்டர்ஃபேஸ்னு ஒரு பேப்பர்ல நான் 9 பாயிண்ட் வாங்கியிருக்கேன்.

சரி, காசாவது மிச்சமாச்சான்னு உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டேன். கேபிள் வருஷத்துக்கு 3000. நான் வாங்கின நெட் மாசம் 499. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 588.82. வருஷத்துக்கு 7065 ரூபாய் சொச்சம். ஆப்புக்கும் ஸ்டிக்குக்கும் ஆன காசு தனி. முதல் தடவை கணக்குப் போடும்போது நெட் காசையே நான் எழுதலை! ரூம்ல வைஃபை எப்பவும் இருக்கிறதால அது காத்து மாதிரின்னு மூளை எடுத்துக்கிச்சு. தெர்மோடைனமிக்ஸ்ல சிஸ்டம் பவுண்டரியைத் தப்பா வரைஞ்சா மொத்த ப்ராப்ளமும் தப்பாகுமே, அதே கதை.

கேபிள்கார அண்ணாவுக்கு ஃபோன் பண்ணினேன். திட்டுவார்னு நினைச்சேன். "அதுக்கென்னுங்க தம்பி, நாளைக்குக் காலைல வந்து மாட்டித் தர்றனுங்க"ன்னு வெச்சுட்டார்.

அதனால வீட்டுல பெரியவங்க இருந்தா இப்படிப் பாருங்க. நெட் ஏற்கெனவே இல்லையா? கேபிளையோ டிஷ்ஷையோ தொடாதீங்க. தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாசக் கட்டணமே கிடையாது, ஆனா அதில் வர்ற தமிழ்ச் சேனல்கள் குறைவு. நெட் இருக்கு, பசங்களுக்கு ஆப்பும் வேணும், பெரியவங்களுக்குச் சேனலும் வேணும்னா, ரெண்டும் சேர்ந்த ஹைப்ரிட் பாக்ஸ் இருக்கு. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பாக்ஸ் 2019ல் வந்தது, டாடா ஸ்கை அடுத்த வருஷம் பிஞ்ச் பிளஸ் கொண்டுவந்தாங்க. உள்ள சாட்டிலைட் ட்யூனரும் இருக்கும், ஆண்ட்ராய்டும் இருக்கும். நெட் போனாலும் சேனல் ஓடும். சேனல் நம்பர் அடிக்கிற பட்டன் ரிமோட்டுல இருக்கான்னு கட்டாயம் பாருங்க. ஸ்டிக் ரிமோட்டுகள்ல அது பெரும்பாலும் இருக்காது. பழகின கைக்கு நம்பர் பட்டன்தான் எல்லாமே.

இன்னொண்ணு. லைவ் சேனலையும் ஸ்டிக்லயே பார்த்துக்கலாம்னா, சேனல் முதலாளிக்கு ஒரு ஆப்னு பிரிஞ்சு கிடக்கு. சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. சேனல் மாத்துறதுன்னா ஆப்பை விட்டு வெளிய வந்து, அடுத்த ஆப்புக்குள்ள போய், தேடணும். விளம்பரம் வந்தா டக்குன்னு மாத்துற அந்தச் சுகம் இதில் வராது.

ரூமுக்கு வாங்கும்போது

இப்போ பீளமேட்டுக் கதை. நாங்க முதல்ல வாங்கினது ஸ்டிக் இல்லை. கேள்விப்படாத பேர், கறுப்பு டப்பா, "8கே", "அல்ட்ரா"ன்னு பெரிய எழுத்து, பிராண்டட் ஸ்டிக்கைவிடப் பாதி விலை. எல்லாப் படமும் ஃப்ரீன்னு ஒரு ஆப்பையும் உள்ளயே போட்டுக் குடுத்தாங்க. நாங்க அஞ்சு பேரும் சந்தோஷமாத்தான் வாங்கிட்டு வந்தோம். ஈசிஈ படிக்கிற அஞ்சு பேர்!

ரெண்டு விஷயம் இடிச்சது. முதலாவது, நெட்ஃபிளிக்ஸ் ஓடிச்சு, ஆனா முகமெல்லாம் கலங்கலா. டிவி ஃபுல் எச்டி, நெட் 100 எம்பிபிஎஸ், இருந்தும் பழைய விசிடி குவாலிட்டி. காரணம் வைட்வைன். படக் கம்பெனிகள் வீடியோவைப் பூட்டி அனுப்புறதுக்கு கூகுள்கிட்ட இருக்கிற சிஸ்டம் அது. அதில் எல்1, எல்3ன்னு தரம் உண்டு. எல்1ன்னா பூட்டைத் திறக்கிறது, வீடியோவை டீகோட் பண்றது ரெண்டும் பிராசஸருக்குள்ள இருக்கிற தனிப் பாதுகாப்பு அறையில் நடக்கும். ஆண்ட்ராய்டே நினைச்சாலும் உள்ள எட்டிப் பார்க்க முடியாது. எல்3ல் அது வெறும் சாஃப்ட்வேர்ல நடக்கும், அதனால திருட வாய்ப்பு அதிகம். அதனால எல்3 பாக்ஸுக்கு எச்டியே அனுப்ப மாட்டாங்க. எங்க டப்பா எல்3. வெளிய 8கேன்னு ஸ்டிக்கர் ஒட்டலாம், உள்ள சாவி இல்லை. டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு சின்ன ஆப் போட்டா உங்க பாக்ஸ் எந்த லெவல்னு காட்டிடும்.

ரெண்டாவதுதான் பயமா இருந்துச்சு. நெட்வொர்க் லேபுக்காக ரூம்மேட் ஒருத்தன் ரவுட்டர் லாக் பார்த்துட்டு இருந்தான். ராத்திரி மூணு மணிக்கு, டிவி அணைச்சிருக்கும்போது, அந்த டப்பா எங்கெங்கேயோ பேசிட்டு இருக்கு. விடாம. அப்புறம்தான் தேடிப் படிச்சோம். 2023 ஜனவரியில் டி95ங்கிற மலிவு பாக்ஸ்ல, கடையில் இருந்து வரும்போதே ஃபர்ம்வேர்ல மால்வேர் இருந்ததை டேனியல் மிலிசிக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம் வோ1ட்ங்கிற மால்வேர் 197 நாடுகளில் ஏறக்குறைய 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்கள்ல இருக்குன்னு சொல்லிச்சு. 2025 ஜூனில் அமெரிக்காவோட எஃப்பிஐயே பேட்பாக்ஸ் 2.0 பத்தி மக்களுக்கு எச்சரிக்கை விட்டாங்க.

இந்த டப்பாக்கள் உங்க படத்தைத் திருடுறதைவிட முக்கியமா ஒரு வேலை பண்ணும். உங்க வீட்டு ஐபி முகவரியை வாடகைக்கு விடும். வேற யாரோ பண்ற மோசடி, உங்க வீட்டு நெட்ல இருந்து பண்ணின மாதிரி பதிவாகும். போலீஸ் தேடி வந்தா கதவைத் திறக்கப் போறது வாடகை அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டவன். எங்க வீட்டுக்கு அது நான். எங்க டப்பாவுல இருந்தது இதே மால்வேர்தானான்னு உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண எங்களுக்குத் தைரியம் இல்லை. கழட்டி ஓரமா வெச்சுட்டோம். காசு போச்சு.

கடையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கு. பாக்ஸை ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்க. ஹோம் ஸ்க்ரீன் ஃபோன் மாதிரியோ டேப்லெட் மாதிரியோ இருந்தா அது ஒரிஜினல் ஆண்ட்ராய்டு டிவி கிடையாது, திறந்த மூலக் குறியீட்டை எடுத்து ஒட்டினது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல பிளே ப்ரொடெக்ட் சான்று இருக்கான்னு பாருங்க. அட்டையில பிஐஎஸ் முத்திரையோட ஆர்ன்னு ஆரம்பிக்கிற பதிவு எண் இருக்கணும். செட் டாப் பாக்ஸ், அடாப்டர் ரெண்டும் கட்டாயப் பதிவுப் பட்டியல்ல உள்ளவை. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணை அடிச்சா யாரு கம்பெனின்னு வரும். எல்லாம் ஃப்ரீன்னு ஒரு ஆப்பைப் போட்டுக் குடுத்தாங்கன்னா, அதுக்கு மேல எதையும் செக் பண்ண வேண்டாம், கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

மத்த ஸ்பெக்ஸ் எல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். உங்க டிவி ஃபுல் எச்டின்னா 4கே ஸ்டிக் தேவையில்லை. 4கே டிவின்னா டிவியோட எச்டிஎம்ஐ போர்ட் எச்டிசிபி 2.2ஐ ஆதரிக்கணும், இல்லேன்னா 4கே வராது. எச்இவிசி கட்டாயம் ஹார்டுவேர்லயே ஓடணும். ஏவி1 இருந்தா இன்னும் நல்லது, அதே குவாலிட்டி குறைஞ்ச டேட்டால வரும். ஃபயர் டிவி ஸ்டிக்ல கூகுள் பிளே ஸ்டோர் கிடையாது, அமேசானோட ஆப் ஸ்டோர்தான். உங்களுக்கு வேண்டிய ஆப் அதில் இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கங்க. பாட்டி வீட்டுக் கலைஞர் டிவியில எச்டிஎம்ஐ இருக்காது, மூணு கலர் ஏவி ஜாக்தான். நடுவுல ஒரு கன்வர்ட்டர் வேணும்.

ஸ்டிக் அடிக்கடி தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு நிறையப் பேர் சொல்வாங்க. பெரும்பாலும் ஸ்டிக்கை டிவியோட யுஎஸ்பி போர்ட்ல சொருகியிருப்பாங்க. யுஎஸ்பி 2.0 போர்ட் குடுக்கிறது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். அதாவது 2.5 வாட். ஸ்டிக்குக்கு வழக்கமா 5 வாட் வேணும். கூடவே வந்த அடாப்டரைப் ப்ளக்ல சொருகுங்க, சரியாயிடும்.

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு சிக்கல். காலேஜ் வைஃபைல லாகின் பேஜ் வரும், பல ஸ்டிக்ல அது திறக்காது. உடனே ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்குப் போவோம். கணக்கைப் பாருங்க. 1080பி வீடியோவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கிற வேகம் 5 எம்பிபிஎஸ். இது மெகாபிட், மெகாபைட் இல்லை. எட்டால வகுத்து 3600 வினாடியால பெருக்கினா மணிக்கு 2.25 ஜிபி. உங்க ரீசார்ஜ்ல தினம் 1.5 ஜிபின்னா சரியா 40 நிமிஷம். இன்டர்வெல்லுக்கு முன்னாடியே டேட்டா காலி.

பாஸ் கணக்கு

ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்ல போட்டு விக்கக் காட்டிக் குடுத்தவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். ஓடிடி கம்பெனிகளும் இந்தியாவுல அந்த வழிக்குத்தான் வந்தாங்க. 2019ல் நெட்ஃபிளிக்ஸ் மொபைலுக்கு மட்டும்னு 199 ரூபாய் பிளான் கொண்டுவந்துச்சு. 2021 டிசம்பரில் விலையைக் குறைச்சாங்க: மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்டு 499, பிரீமியம் 649. மொபைல் பிளான் டிவியில ஓடவே ஓடாது. 149 கட்டிட்டு ஸ்டிக்ல போட்டுப் பார்த்து ஏமாந்தவங்க எங்க கிளாஸ்லயே உண்டு. பேசிக்ல டிவியில வரும், ஆனா 720பி, ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரீன். ஸ்டாண்டர்டுக்கு ரெண்டு ஸ்க்ரீன், பிரீமியத்துக்கு நாலு. நாலு ஃப்ரெண்ட்ஸ் நாலு ஊர்ல இருந்து பார்க்கலாம்னு நினைக்காதீங்க. 2023 ஜூலையில் இருந்து ஒரே வீட்டுக்காரங்களுக்கு மட்டும்னு கண்டிப்பு பண்ணிட்டாங்க.

மாசமா, வருஷமா? எல்லாரும் வருஷம்தான் லாபம்னு சொல்வாங்க. பிரைமை எடுத்துக்கங்க. மாசம் 299, மூணு மாசம் 599, வருஷம் 1499. ரெண்டு காலாண்டும் ஒரு மாசமும் எடுத்தால் 599, 599, 299. கூட்டினால் 1497. ஆக, வருஷத்துல ஏழு மாசம் வரைக்கும் பார்க்கிறவனுக்கு வருஷப் பாஸ்ல ஒரு ரூபாய்கூட லாபம் கிடையாது. எட்டாவது மாசத்துல இருந்துதான் லாபம். மிட் டெர்ம், மாடல், செமஸ்டர், ஊருக்குப் போற லீவு எல்லாம் கழிச்சு, நீங்க உண்மையிலேயே எத்தனை மாசம் பார்க்கிறீங்கன்னு எழுதிப் பாருங்க. நான் எழுதினப்போ அஞ்சு வந்துச்சு. இதோட 2025 ஜூன் 17ல் இருந்து பிரைம் வீடியோல விளம்பரமும் வருது. அது வேண்டாம்னா மாசம் 129 தனி.

ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரி 14ல் ஆரம்பிச்சப்போ சூப்பர் பிளான் மூணு மாசத்துக்கு 299, வருஷத்துக்கு 899. விலை மாறிட்டே இருக்கும், கட்டுற அன்னிக்குப் பார்த்துக்கங்க. ஆனா ஐபிஎல் நடக்கிறது மார்ச் கடைசியில் இருந்து மே கடைசி, ஜூன் ஆரம்பம் வரைக்கும். மேட்ச்சுக்காக மட்டும்னா, மூணு மாசப் பாஸே மொத்த சீசனுக்கும் போதும். முதல் மேட்ச் அன்னிக்கு வாங்குங்க. பிப்ரவரியிலேயே ஆர்வக்கோளாறுல வாங்கினா ஃபைனலுக்கு முன்னாடி முடிஞ்சுடும்.

எங்க ரூம் விதி இப்போ இதுதான்: ஒரு நேரத்துல ஒரு பாஸ். முடிஞ்சதும் ஓட்டு எடுத்து அடுத்த ஆப். அஞ்சு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு டீயும் வடையும் ஆகிற காசுதான். யாருக்கும் எல்லாப் படமும் கிடைக்காது, சண்டை வரும், அது தனி என்டர்டெயின்மென்ட்.

காசு போறது பாஸ் விலையில இல்லை, ஆட்டோபேல. ரூம்மேட் ஒருத்தன் ஒரு ரூபாய் ட்ரையல்னு ஒரு ஆப்புக்கு யுபிஐ பின் போட்டான். மூணு நாள் கழிச்சு ஆப்பை டிலீட் பண்ணிட்டு மறந்துட்டான். ஆப்பை அழிச்சா சப்ஸ்கிரிப்ஷன் அழியாது. அடுத்த மாசம் மெஸ் ஃபீஸுக்கு வீட்டுல இருந்து போட்ட காசுல இருந்து எடுத்துட்டாங்க. அவங்க அப்பா பல்லடத்துல தறி ஓட்டுறவர். அந்த 399 ரூபாய் எதுக்குன்னு அவன் அவர்கிட்ட சொல்லவே இல்லை, ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சுச் சரிக்கட்டினான்.

அவனுக்குத் தெரியாதது இது. 2021 அக்டோபர் 1ல் இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, தானா காசு எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் அனுப்பணும். அந்த எஸ்எம்எஸ் அவன் ஃபோன்ல வந்திருந்துச்சு, நூத்தி எழுபது படிக்காத மெசேஜுக்கு நடுவுல. 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே எடுக்கலாம், அதனால வேற எந்தத் தடையும் வராது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை டார்க் பேட்டர்னைத் தடை பண்ணிச்சு. சேர்றதைச் சுலபமாவும் விலகுறதைக் கஷ்டமாவும் வெக்கிற சப்ஸ்கிரிப்ஷன் பொறி அதில் ஒண்ணு. கேன்சல் பட்டனை ஒளிச்சு வெச்சிருந்தா 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி, உங்க யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே, இல்லேன்னா மாண்டேட்னு இருக்கிற பக்கத்துக்குப் போங்க. எதெல்லாம் உயிரோட இருக்குன்னு லிஸ்ட் வரும். அங்கேயே நிறுத்தலாம், கம்பெனிகிட்ட கெஞ்ச வேண்டியதில்லை. பாஸ் வாங்கின அன்னிக்கே நான் அதை ரத்து பண்ணிடுவேன். கட்டின காலம் முடியற வரைக்கும் படம் ஓடும்.

மே மாசம் நாங்க வீட்டைக் காலி பண்றோம். இப்போ இருக்கிற நல்ல ஸ்டிக்கை, வீட்டோட சேர்த்து, மூணாவது வருஷப் பசங்களுக்குக் குடுக்கப்போறோம். பழசைக் கைமாத்துறவங்களும் வாங்குறவங்களும் இதைச் செய்யுங்க: ஒவ்வொரு ஆப்லயும் எல்லா டிவைஸ்ல இருந்தும் சைன் அவுட், ஸ்டிக்ல இருந்து அமேசான் அல்லது கூகுள் கணக்கை நீக்கறது, கடைசியா ஃபேக்டரி ரீசெட். வரிசை முக்கியம். கணக்கை நீக்காம குடுத்தா, உங்க கார்டுல யாரோ படம் வாடகைக்கு எடுத்துட்டு இருப்பாங்க. அந்தக் கறுப்பு டப்பா இன்னும் பரண் மேலதான் இருக்கு. ஜூனியர்ஸ், அதை எடுத்து மாட்டிடாதீங்கப்பா. உக்கடம் பக்கம் போகும்போது ஈ-வேஸ்ட்ல போட்டுடறேன்.